ஏழு மணிச் சங்கு

மகாராஷ்டிரத்தில் சாங்க்லி ஜில்லாவைச் சேர்ந்தது மோஹித்யாஞ்சே வட்காவ் என்னும் கிராமம். ஜனத்தொகை சுமார் 3,000. பெரும்பாலோர் விவசாயிகளும் சர்க்கரை ஆலைத் தொழிலாளிகளும் ஆவர். கரும்பு விளைகிற அந்தப் பிரதேசத்துக்குத் தேச சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. இன்றைய சாங்க்லி ஜில்லாவின் பல பகுதிகள் அந்நாளில் சதாரா ஜில்லாவோடு சேர்ந்திருந்தன. 1943-ஆம் வருஷத்தில் நானா பாட்டீலும் அவருடைய தோழர்களும் சதாராவில் அந்நிய சர்க்காருக்கு எதிராகப் "பிரதி சர்க்கார்" ஒன்றை ஸ்தாபித்தார்கள். ஊரார் தங்கள் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். வேண்டிய காவலையும் தாங்களே செய்துகொண்டார்கள்.

அந்தப் பிரதேசத்துக் கிராமம் 2022-ஆம் வருஷம் ஆகஸ்டு 14-ந் தேதி, அதாவது சுதந்திர தினத்துக்கு முதல் நாள், கூட்டம் கூடி ஒரு தீர்மானம் செய்தது. தினந்தோறும் மாலை 7 மணிக்குக் கோயிலின் மேல் வைத்திருக்கும் சங்கு ஊதும். நம் ஊர்களில் ஆலைகளும் நகரசபைகளும் ஊதுகிற மின்சாரச் சங்கைப் போன்றதுதான் அது. அந்த ஓசை கேட்டதும் வீட்டிலுள்ள டெலிவிஷனையும் செல்போனையும் அணைத்துவிட வேண்டும். 8.30 மணிக்குச் சங்கு மறுபடியும் ஊதும். அதற்குமேல் அவரவர் இஷ்டம். இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் படிப்பதற்கும், பெரியவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கும் உரியது.

இப்படி ஒரு தீர்மானம் செய்யும்படி நேர்ந்தது ஏன்? 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், கொரோனா நோயின் காரணமாகத் தேசமெங்கும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடங்கள் செல்போன் வழியாக நடந்தன. அதுவரையில் பிள்ளையின் கையிலிருந்து அந்தக் கருவியைப் பிடுங்கி வைத்த தாயார், தாமே அதைக் கையில் கொடுத்து, "உட்கார்ந்து படி" என்று சொல்ல வேண்டியதாயிற்று. பின்னர் பள்ளிகள் திறந்தன. ஆனால் செல்போன் பிள்ளைகளின் கையை விட்டு இறங்கவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலில் யோசனையைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்றார்கள். கிராமத்துப் பெண்கள் கூடினார்கள். தாங்களும் டெலிவிஷன் தொடர்களில் மிதமிஞ்சிய நேரத்தைச் செலவிடுவதாக ஒப்புக்கொண்டு, யோசனையை ஆதரித்தார்கள். ஆரம்ப நாட்களில் சங்கு ஊதினால் மட்டும் போதவில்லை. சிலர் தெருத்தெருவாகச் சென்று நினைவூட்ட வேண்டியிருந்தது. நாளடைவில் அது ஊர்ப் பழக்கமாயிற்று.

இந்த ஏற்பாட்டில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஊரார் செல்போனைப் பிசாசு என்று தூற்றவில்லை, உடைத்தெறியச் சொல்லவுமில்லை. "நல்லதா, கெட்டதா?" என்று விவாதம் செய்துகொண்டிராமல், "எப்போது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே விடை தேடாமல் ஊர் முழுவதும் கூடித் தேடினார்கள். செல்போன் விஷயத்தில் நாம் செய்யத் தவறுவது இதுதான் என்பது எம் அபிப்பிராயம். நாம் அதைத் தனி மனிதனின் வைராக்கியத்துக்கு விட்டுவிடுகிறோம். பிறகு வைராக்கியம் தோற்றது என்று ஒருவரையொருவர் கடிந்துகொள்கிறோம்.

இரண்டு காவலர்கள்

நம் வீடுகளுக்குள் யந்திரங்கள் வருவது புதிது அல்ல. சென்னையில் ரேடியோ வந்த கதையைப் பாருங்கள். 1924-ஆம் வருஷம் ஜூலை 31-ந் தேதி சென்னை ராஜதானி ரேடியோ கிளப் தன் ஒலிபரப்பை ஆரம்பித்தது. பண முடையினால் 1927-இல் அது நின்றுபோயிற்று. 1930-இல் சென்னைக் கார்ப்பரேஷன் அந்தப் பணியை ஏற்று மாலை வேளைகளில் நடத்திற்று. ஜனங்கள் கடற்கரையில் ஒலிபெருக்கிக்கு முன்னால் கூடி உட்கார்ந்து சங்கீதம் கேட்டார்கள். 1938-ஆம் வருஷம் ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்களுக்கும் அதற்கென்று நேரம் இருந்தது. நிகழ்ச்சி முடிந்தால் பெட்டி மௌனமாகிவிடும்.

1975-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. வெள்ளிக்கிழமை "ஒலியும் ஒளியும்", ஞாயிற்றுக்கிழமை சினிமா என்று தெரு முழுவதும் ஒரே வீட்டுக் கூடத்தில் கூடியதை இன்றைய பாட்டிமார்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கும் நேரம் இருந்தது. இரவு வந்தால் அதுவும் நின்றுவிடும்.

ரேடியோ கிளப்பின் ஒலிபரப்பு ஆரம்பித்த அதே ஜூலை 31-ந் தேதியில், 71 வருஷங்களுக்குப் பிறகு, 1995-இல், இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு நடந்தது. மேற்கு வங்காள முதல் மந்திரி ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். அக்காலத்தில் கூப்பிட்டவர் மட்டுமல்ல, கூப்பிடப்பட்டவரும் காசு கொடுக்க வேண்டும். ஆகவே மணி அடித்தால் வெட்டிப் பேச்சு இல்லை. விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

ரேடியோவுக்கும் டெலிவிஷனுக்கும் கடிகாரம் காவல். முதல் செல்போனுக்குக் காசு காவல். இந்த இரண்டு காவலர்களும் இப்போது போய்விட்டார்கள். 2007-இல் ஆப்பிள் கம்பெனி விரலால் தொட்டு நடத்தும் ஐபோனை வெளியிட்டது. அதற்குப் பிறகு டெலிபோனும் சினிமாவும் கடிதமும் கடைத்தெருவும் ஒரே பலகைக்குள் அடங்கின. 2016-ஆம் வருஷம் செப்டம்பரில் ஜியோ கம்பெனி சேவையைத் தொடங்கியது முதல், இந்தியாவில் இணையத்தின் விலை சரிந்தது. ஏழைகளுக்கும் அறிவின் வாசல் திறந்தது பெரிய நன்மைதான். ஆனால் அந்த வாசலை எப்போது சாத்துவது என்பதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வட்காவ் கிராமத்தார் செய்ததெல்லாம் ஓடிப்போன பழைய காவலனாகிய கடிகாரத்தைத் திரும்ப அழைத்து வேலையில் அமர்த்தியதே ஆகும்.

புறாவும் பொத்தானும்

"மனக்கட்டுப்பாடு இருந்தால் போதாதா? எதற்குச் சங்கும் தீர்மானமும்?" என்று கேட்கும் நேயர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு புறாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்கின்னர் கூண்டில் புறாக்களை வைத்துப் பரிசோதித்தார். ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். இத்தனை முறை கொத்தினால் இவ்வளவு தானியம் என்று கணக்காகக் கிடைத்தபோது, தானியம் பெற்ற புறா சற்று ஓய்வெடுத்துக்கொண்டது. எந்தக் கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபடி மாற்றி வைத்தபோதோ, அது ஓய்வின்றிக் கொத்திக்கொண்டே இருந்தது. தானியத்தை நிறுத்திய பின்னும் வெகுநேரம் கொத்திற்று. இந்தப் பரிசோதனைகளை அவரும் பெர்ஸ்டர் என்பவரும் 1957-இல் விரிவான நூலாக வெளியிட்டார்கள். சூதாட்ட விடுதிகளில் காசு போட்டு இழுக்கும் யந்திரமும் இந்த விதிப்படியே மனிதனைப் பிடித்து வைக்கிறது.

செல்போனை எடுத்துப் பார்க்கிறோம். ஒரு முறை மகளின் கடிதம், ஒரு முறை ஒன்றுமில்லை, ஒரு முறை யாரோ ஒருவருடைய வீட்டுக் கல்யாணப் படம், மறுபடியும் ஒன்றுமில்லை. எப்போது நல்லது வரும் என்று தெரியாததனால்தான் அடிக்கடி எடுக்கிறோம்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. 2006-ஆம் வருஷத்தில் ஏஸா ராஸ்கின் என்ற அமெரிக்கர், திரையில் பக்கம் முடியாமல் தானே நீண்டுகொண்டே போகும்படியான ஓர் உத்தியைச் செய்தார். நேயர்கள் இப்போது கையில் வைத்திருக்கும் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே வந்ததும் கை தானாக அதை மடித்து வைக்கிறது. அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வருகிறது. கடைசிப் பக்கம் இல்லாத பத்திரிகையை எப்படி மடிப்பது? பின்னாளில் ராஸ்கினே தம் உத்தியின் விளைவைக் கண்டு பகிரங்கமாக வருந்தினார்.

இதிலே வியாபாரமும் கலந்திருக்கிறது. இந்தச் சேவைகளில் பலவற்றுக்கு நாம் காசு கொடுப்பதில்லை. விளம்பரக்காரர்கள் கொடுக்கிறார்கள். நாம் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு லாபம். அங்கே விற்கப்படும் சரக்கு நம்முடைய கவனமே. அதைப் பிடித்து வைப்பதற்காகக் கெட்டிக்காரர்கள் பலர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு இரவும் பகலும் யோசிக்கிறார்கள். இந்தப் பக்கத்திலோ, பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒரு மனிதர், இரவு பத்து மணிக்குத் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு பட்டாளத்துக்கும் ஒற்றை ஆளுக்கும் நடக்கும் யுத்தம் இது. தோற்றவரைக் கோழை என்று சொல்வது நியாயமாகாது. அவருக்குத் துணை சேர்ப்பதே நியாயம்.

தூக்கமும் குழந்தைகளும்

இந்த யுத்தத்தில் முதலில் பறிபோவது தூக்கம். நம் கண்ணுக்குள் வெளிச்சத்தின் அளவை அறிந்து மூளைக்குச் சொல்லும் விசேஷ அணுக்கள் இருப்பதை விஞ்ஞானிகள் சுமார் 20 வருஷங்களுக்கு முன்னால் கண்டுபிடித்தார்கள். நீல நிறம் கலந்த ஒளி அவற்றை அதிகமாகத் தூண்டுகிறது. அப்போது தூக்கத்துக்கு நேரமாயிற்று என்று தேகத்துக்கு அறிவிக்கும் மெலடோனின் என்ற சுரப்பு குறைகிறது. ஆயினும் ஒளியின் மேல் மட்டும் பழி போடுவது சரியல்ல. படுக்கையில் படித்த ஒரு சண்டைச் செய்தியோ, பாதியில் நின்ற ஒரு தொடர்கதையோ, ஒளியைக் காட்டிலும் அதிகமாக மனத்தை விழிக்க வைக்கிறது. பத்து நிமிஷம் என்று எடுத்தது ஒரு மணி நேரமாகும்போது, அந்த ஒரு மணி தூக்கத்திலிருந்துதான் கழிகிறது.

குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் யோசனைகளை வெளியிட்டது. ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் திரையே வேண்டாம். இரண்டு வயது முதல் நான்கு வயது வரையில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது. அதிலும் குறைந்தால் நல்லது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். உட்கார்ந்து பார்க்கும் நேரத்துக்குப் பதிலாகக் கதை சொல்லுதலும் சேர்ந்து படித்தலும் நலம் என்றும் அந்த ஸ்தாபனம் கூறுகிறது. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டிய தேசத்தில் செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டுவது சகஜமாகிவிட்டது. நிலா குழந்தையின் கண்ணை வானத்துக்கு இழுத்தது. ஆனால் தாயின் முகத்தை மறைக்கவில்லை.

பெரியவர்களையும் விட்டுவிடக் கூடாது. 2017-இல் டெக்ஸாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். செல்போன் மேஜைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டு மௌனமாக இருந்தபோதுகூட, அதை வேறு அறையில் வைத்தவர்களைவிட மேஜைமேல் வைத்தவர்கள் புத்திப் பரீட்சையில் குறைவாக வாங்கினார்கள் என்றது அது. பின்னர் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் பார்வை மேஜைமேல் இருக்கும் கருவிக்கு ஓடி ஓடித் திரும்புவதைக் கண்டவர்களுக்கு இதில் பரிசோதனைச்சாலையின் சாட்சி அவசியமில்லை.

காந்தியடிகளின் அளவுகோல்

யந்திரங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் காந்தியடிகளை யந்திர விரோதி என்று சொல்லி ஒதுக்கிவிடுவது பலருக்கு வழக்கம். 1909-இல் அவர் எழுதிய "ஹிந்த் ஸ்வராஜ்" ரயிலைக்கூடக் கண்டித்தது உண்மைதான். ஆனால் 1924-இல் டில்லியில் சாந்திநிகேதன் மாணவர் ராமச்சந்திரன் அவரை இதைப் பற்றி நேரே கேட்டார். பிற்காலத்தில், 1947-இல், டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை ஸ்தாபித்த ஜி. ராமச்சந்திரன்தான் அந்த மாணவர். தம்முடைய ஆட்சேபம் யந்திரத்தின்மேல் அல்ல, யந்திர மோகத்தின்மேல்தான் என்று காந்தியடிகள் விடையளித்தார். ராட்டையும் யந்திரமே, மனித தேகமும் யந்திரமே என்றார். தாம் ஏற்கும் யந்திரத்துக்கு உதாரணமாகத் தையல் யந்திரத்தைக் குறிப்பிட்டார். அது ஒரு மனைவியின் சிரமத்தைக் கண்டு இரங்கிய அன்பிலே பிறந்தது என்பது அவர் கருத்து.

இந்த அளவுகோலைச் செல்போனுக்கும் வைத்துப் பார்க்கலாம். தையல் யந்திரம் தைத்து முடித்ததும் மூடி போட்டு வைக்கப்படுகிறது. "இன்னும் கொஞ்சம் தை" என்று அது நம்மைக் கூப்பிடுவதில்லை. கடல் கடந்து இருக்கும் மகனின் முகத்தைத் தாய்க்குக் காட்டும்போதும், காது கேளாதவர் கைச்சைகையால் தூரத்து நண்பரோடு பேசும்போதும், காய்கறிக்காரி சில்லறைத் தொல்லையின்றிக் காசு பெறும்போதும் செல்போன் தையல் யந்திரத்தின் ஜாதியைச் சேர்ந்தது. காரியம் முடிந்த பின்னும் நம்மைப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும்போது அது வேறு ஜாதியாகிவிடுகிறது. கருவி ஒன்றே, காரியம் முடிந்ததா என்று கேட்டுக்கொள்வதே இரண்டையும் பிரித்தறியும் வழி.

காந்தியடிகள் இடுப்பில் கடிகாரம் கட்டியிருந்தார். ஒலிபெருக்கியில் பேசினார், ரயிலில் தேசமெங்கும் சுற்றினார். ஆனால் திங்கட்கிழமை மௌன நாள். தேசமே அவருடைய வார்த்தைக்குக் காத்திருந்தபோதும் அந்த நாளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடிதங்களும் தந்திகளும் மலைபோல் வந்து குவியும் ஒரு மனிதருக்கே வாரத்தில் ஒரு நாள் ஒதுக்க முடிந்தது. நமக்கு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா?

வீட்டில் செய்யக்கூடியவை

நம் வீடுகளில் கோயில் சங்கு இல்லாவிட்டாலும் விளக்கு வைக்கும் வேளை என்று ஒன்று பழங்காலந்தொட்டு இருக்கிறது. அந்த நேரத்தில் தூங்கக் கூடாது, சண்டை போடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். அதோடு இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் அரை மணி போதும். எல்லோருடைய செல்போனும் ஒரே அலமாரித் தட்டில் போய் உட்காரட்டும். நேரம் என்ன என்பதைவிட எல்லோருக்கும் ஒரே நேரம் என்பதே முக்கியம். ஒருவர் மட்டும் விரதம் இருந்து, மற்ற மூவர் அவர் எதிரில் விருந்து உண்டால், அந்த விரதம் எத்தனை நாள் நிற்கும்?

முதலில் தட்டில் வைக்க வேண்டியது தகப்பனாரின் செல்போன். "நான் ஆபீஸ் காரியமாகப் பார்க்கிறேன், நீ மட்டும் வை" என்று சொல்லும் வீட்டில் இந்தச் சட்டம் மறுநாளே செத்துவிடும். வட்காவ் பெண்கள் பிள்ளைகளைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் தங்கள் பழக்கத்தை ஒப்புக்கொண்டதனால்தான் காரியம் நடந்தது.

படுக்கையறைக்குச் செல்போன் வேண்டாம். "காலையில் எழுப்புவதற்கு வேண்டுமே" என்பார்கள். அலாரம் கடிகாரம் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. சாப்பிடும் இடத்துக்கும் வேண்டாம். ஓயாமல் மணியடிக்கும் அறிவிப்புகளில் மனிதர்கள் நேரே அழைப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றின் வாயை அடைத்துவிடலாம். பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்த நேரத்துக்கு ஈடாக வேறொன்று கொடுக்க வேண்டும்: பல்லாங்குழியோ, கதைப் புஸ்தகமோ, அடுப்பங்கரையில் ஒரு சிறு வேலையோ. வெறும் சூனியத்தைக் கொடுத்தால் அவர்கள் அலமாரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இந்த ஏற்பாடு ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதற்கு ஏற்பட்டதல்ல. மருமகளின் செல்போனைப் பிடுங்கி அவள் யாரோடு பேசினாள் என்று பார்ப்பதற்கு இதைச் சாக்காகக் கொண்டால், அது பழைய கொடுமை புதிய உடையில் வந்ததே ஆகும். விதி எல்லோருக்கும் ஒன்று. அது நேரத்துக்கு விதி, மனிதருக்கு அல்ல.

தங்கள் நேரம் தங்கள் கையில் இல்லாதவர்களும் உண்டு. வாடகை வண்டி ஓட்டுகிறவருக்கும் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்கும் செல்போனே பிழைப்பு. இரவு ஒன்பது மணிக்கு மேலதிகாரி அனுப்பும் செய்திக்கு உடனே விடை தராவிட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சும் குமாஸ்தாவுக்கு, "அணைத்து வை" என்று உபதேசம் செய்வதில் அர்த்தமில்லை. அங்கே தீர்மானம் வேலைத்தலத்தில் ஏற்பட வேண்டும். சர்க்காரும் கை கொடுக்க வேண்டும். பிரான்சு தேசத்தில் 2017-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல், 50 பேருக்குமேல் வேலை செய்யும் கம்பெனிகள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றித் தொழிலாளர்களுடன் பேச வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு 26-ந் தேதி அத்தகைய உரிமை அமலாயிற்று. வீடு, ஊர், தேசம் என்று எந்த அளவில் பார்த்தாலும் கூடிச் செய்த ஏற்பாடே தனி மனிதனுக்கு அரணாகிறது.

சுயராஜ்யம் என்ற சொல்லுக்குத் தன்னைத் தான் ஆளுதல் என்பது பொருள். அந்நியன் நம்மை ஆண்டபோது அவன் வெளியே நின்றான், அடையாளம் தெரிந்தது. இன்று நம் பொழுதை ஆள்வது நாமே விலை கொடுத்து வாங்கி, நாமே மின்சாரம் ஊட்டி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கும் ஒரு பொருள். அதை விரட்ட வேண்டியதில்லை. அதற்குரிய நேரத்தையும் இடத்தையும் நாம் குறித்துக் கொடுத்தால் போதும். குறிக்கும் உரிமை இன்னும் நம்மிடமே இருக்கிறது. இன்று மாலை விளக்கு வைக்கும்போது வீட்டிலுள்ளவர்களைக் கூப்பிட்டு, எந்த நேரம் என்று எல்லோருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். பெரியவர்கள் தீர்மானித்துச் சின்னவர்களுக்கு அறிவிப்பதாக இருக்க வேண்டாம். குழந்தையின் வோட்டும் அதில் ஒன்றாக இருக்கட்டும்.